சிலந்திவலை: கையில் தூக்கிச் செல்லும் ட்ரோன் சைபீரியா வரை போனது எப்படி?

சிலந்திவலை என்று பெயரிட்ட உக்ரைன் தாக்குதலைப் பற்றி எழும் கேள்விகள் மூன்று. 2025 ஜூன் 1 அன்று, எல்லையிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ரஷ்ய விமானத்தளத்தை உக்ரைனின் சின்னஞ்சிறு ட்ரோன்கள் எப்படி அடித்தன? 41 விமானங்கள் காலி என்றார்களே, அது உண்மையா? இதனால் போரில் ஏதாவது மாறியதா?

முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: ட்ரோன்கள் அவ்வளவு தூரம் பறக்கவில்லை, லாரியில் போயின. கடைசி சில கிலோமீட்டர் மட்டும்தான் பறந்தன. அந்தச் சில கிலோமீட்டருக்கு முன்னால் ஒன்றரை வருட வேலை இருக்கிறது. அதற்கும் முன்னால், இந்த யோசனை ஏன் வந்தது என்று ஒரு கதை இருக்கிறது. அங்கிருந்து தொடங்கினால்தான் விஷயம் புரியும்.

ரஷ்யாவிடம் டியு-95, டியு-22எம்3, டியு-160 என்று பெரிய குண்டுவீச்சு விமானங்கள் உண்டு. இவை பெரும்பாலும் உக்ரைன் வானுக்குள் வருவதில்லை. தங்கள் நாட்டு வானிலேயே, காஸ்பியன் கடல் பக்கமாகவோ வேறெங்கோ பறந்து, அங்கிருந்தே கெஹெச்-101 போன்ற ஏவுகணைகளை ஏவிவிட்டுத் திரும்பிவிடும். விமானம் பெரும்பாலும் உக்ரைன் வான் பாதுகாப்பின் கைக்கு எட்டாது. ஏவுகணை மட்டும் கீவ் வந்து சேரும். வருகிற ஏவுகணையை ஒவ்வொன்றாகச் சுட்டு வீழ்த்துவதைவிட, அதைச் சுமந்து செல்லும் விமானத்தைத் தரையிலேயே முடித்துவிட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றும். அம்பைப் பிடிக்காதே, வில்லை ஒடி என்கிற கணக்கு.

2022 டிசம்பர் 5 அன்று முதல் முயற்சி நடந்தது. சரடோவ் பக்கம் இருக்கும் எங்கெல்ஸ், மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே ரியாசான் அருகே இருக்கும் தியாகிலெவோ என்ற இரண்டு தளங்களிலும் வெடிச்சத்தம் கேட்டது. எங்கெல்ஸ் எல்லையிலிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டர். பயன்படுத்தியது டியு-141 என்ற சோவியத் காலத்து உளவு ட்ரோன் என்று கருதப்படுகிறது. ஜெட் எஞ்சின் வைத்த பழைய இரும்பு என்றே சொல்லலாம். அதே ரகத்தில் ஒன்று அந்த ஆண்டு மார்ச்சில் வழிதவறி, ஹங்கேரியைத் தாண்டிப் போய் குரோஷியாவின் ஜாக்ரெப் நகரத்தில் விழுந்தது. அப்படிப்பட்ட சாமானை வைத்துத்தான் எங்கெல்ஸை அடித்தார்கள். மூன்று வீரர்கள் இறந்தார்கள், இரண்டு விமானங்களுக்கு லேசான சேதம் என்றது ரஷ்யா. சேதம் சிறியதுதான். ஆனால் அதன்பின் ரஷ்யா விமானங்களைப் பின்னுக்கு இழுக்கத் தொடங்கியது. வடக்கே ஆர்க்டிக் ஓரமாக மூர்மன்ஸ்க் வட்டாரத்தில் ஒலெனியா, கிழக்கே இர்கூட்ஸ்க் வட்டாரத்தில் பெலாயா என்று தூரத்துத் தளங்களுக்குப் போயின.

அதோடு உக்ரைனின் நீண்டதூர ட்ரோன்களும் வளர்ந்துகொண்டே வந்தன. 2024 ஏப்ரலில், ஏ-22 என்ற இரண்டு பேர் உட்காரும் சிறு விமானத்தில் விமானியை எடுத்துவிட்டு வெடிமருந்தை ஏற்றி, 1,200 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அலபூகா தொழிற்பேட்டைக்கு அனுப்பினார்கள். இலக்கில் மோதி வெடிக்கும் ஷாஹெட் என்ற ட்ரோன்களை ரஷ்யா தயாரிக்கிற இடம் அது. அதே ஆண்டு ஜூலையில் ஒலெனியாவுக்கும் ட்ரோன் அனுப்பினார்கள், சுமார் 1,800 கிலோமீட்டர்.

ஆனால் பறந்து போவதில் ஒரு சிக்கல் உண்டு. புரொப்பெல்லர் வைத்த ட்ரோன் மணிக்கு 150, 200 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகும். 1,000 கிலோமீட்டர் போக ஐந்து முதல் ஏழு மணி நேரம். அவ்வளவு நேரமும் ரேடாருக்கும், சிக்னலைக் குலைக்கும் ஜாமருக்கும், துப்பாக்கிக்கும் தப்ப வேண்டும். நூறு அனுப்பினால் சில போய்ச் சேரும். எரிபொருள் சுமக்க வேண்டியிருப்பதால் வெடிமருந்து குறையும். எண்ணெய்க் கிடங்கு, வெடிமருந்துக் கிடங்கு போல ஓரிடத்தில் நிற்கிற, தானே பற்றி எரியக்கூடிய இலக்குக்கு இது போதும். விமானம் அப்படியில்லை. ட்ரோன் கூட்டம் வருகிறது என்று தகவல் வந்தால் கிளம்பிப் போய்விடும். பெலாயாவுக்கோ பறந்து போகிற பேச்சுக்கே இடமில்லை.

அங்கேதான் லாரி வருகிறது.

உக்ரைன் பாதுகாப்பு சேவையான எஸ்.பி.யு.வும், அதன் அப்போதைய தலைவர் வசில் மாலியூக்கும் நடத்திய வேலை இது. "பவுத்தினா", அதாவது சிலந்திவலை என்று பெயர். தொடக்கத்திலிருந்து அடித்த நாள் வரை ஒரு வருடம், ஆறு மாதம், ஒன்பது நாள் ஆனது என்றார் அதிபர் ஜெலன்ஸ்கி. ரஷ்யாவுக்குள்ளே, உரால் மலையடிவாரத்தில் இருக்கும் செல்யாபின்ஸ்க் நகரத்தில் ஒரு கிடங்கை வாடகைக்கு எடுத்தார்கள். ரஷ்ய உளவுத்துறையான எஃப்.எஸ்.பி.யின் வட்டார அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே தங்கள் 'ஆபீஸ்' இருந்தது என்று ஜெலன்ஸ்கி சொன்னபோது, அதில் கொஞ்சம் குசும்பும் இருந்தது.

கிடங்கில் செய்தது தச்சுவேலை மாதிரிதான். ஆயத்த மரவீடுகள் போன்ற பெட்டிகள், லாரியில் ஏற்றிப் போகிற அளவு. சரக்கு என்று பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. கூரைக்கு அடியில் வரிசையாக ட்ரோன்கள். தூரத்திலிருந்து உத்தரவு கொடுத்தால் கூரை விலகும். லாரி ஓட்டியவர்கள் ரஷ்ய ஓட்டுநர்கள். என்ன ஏற்றிப் போகிறோம் என்றே அவர்களுக்குத் தெரியாது. மரவீடு கொண்டுபோய் இறக்கப் போகிறோம் என்று நினைத்து ஓட்டியவர்கள். நெடுஞ்சாலை ஓரம், பெட்ரோல் பங்க் பக்கம் என்று நிறுத்திய இடத்தில் திடீரென்று தலைக்குமேல் கூரை திறந்து ட்ரோன் ஒவ்வொன்றாக எழும்பினால் எப்படி இருக்கும்? இர்கூட்ஸ்க் பக்கம் எடுத்த ஒரு வீடியோவில், அக்கம்பக்கத்து ஆட்கள் வெளியே வரும் ட்ரோன்கள்மீது கல்லெறிகிறார்கள். எனக்கு அந்த நாளின் மற்ற எல்லாப் படங்களையும்விட அதுதான் மனதில் நிற்கிறது. அணு ஆயுதம் சுமக்கிற விமானங்கள் நிற்கும் தளத்துக்கு அந்த நேரத்தில் கிடைத்த வான் பாதுகாப்பு, சாலையோரத்துக் கல்.

மொத்தம் 117 ட்ரோன்கள். இலக்கு ஐந்து தளங்கள்: பெலாயா, ஒலெனியா, தியாகிலெவோ, இவானோவோ, அப்புறம் தூரக்கிழக்கில் அமூர் வட்டாரத்தில் இருக்கும் உக்ராயின்கா. ஆமாம், அந்தத் தளத்தின் பெயரே அதுதான். அங்கே போன லாரி வழியிலேயே தீப்பிடித்துவிட்டது. ஆக நான்கு தளங்களில்தான் உண்மையில் தாக்குதல் நடந்தது. அவற்றிலும் கண்ணுக்குத் தெரிகிற பெரிய சேதம் பெலாயாவிலும் ஒலெனியாவிலும்தான்.

இனி ட்ரோனுக்கு வருவோம். நான் பொழுதுபோக்காக எஃப்.பி.வி. ட்ரோன், அதாவது அதன் கேமரா காட்டும் படத்தைப் பார்த்தே ஓட்டுகிற சிறு ட்ரோன், கட்டிப் பறக்கவிடுகிறவன். அதனால் வெளியான வீடியோவைப் பார்த்ததும் முதலில் கண்ணில் பட்டது அதன் நிதானம். முன்களத்து எஃப்.பி.வி. வீடியோக்களில் ட்ரோன் வெறிபிடித்த குளவி மாதிரி பாயும். இதில் அப்படியில்லை. மெதுவாக மிதந்து வந்து, இறக்கைக்கு மேலே நின்று, இடம் பார்த்து இறங்குகிறது. காரணம் எளிது. ஓட்டுகிறவர் உக்ரைனில் இருக்கிறார், படமும் கட்டளையும் ரஷ்யாவின் சொந்த மொபைல் நெட்வொர்க் வழியாகப் போய் வருகின்றன. அதில் தாமதம் கட்டாயம் இருக்கும். நம் பந்தய ட்ரோனில் அரை வினாடி சிக்னல் போனால் அது புதரில்தான் கிடக்கும். நான் அப்படித் தொலைத்தவை எத்தனையோ. இவர்கள் ஆர்டுபைலட் என்ற தானியங்கி மென்பொருளைப் பயன்படுத்தியது திரையில் தெரிந்த எழுத்துகளிலிருந்தே புலப்பட்டது. உலகெங்கும் இருக்கிற பொழுதுபோக்காளர்கள் சேர்ந்து இலவசமாக எழுதிய மென்பொருள் அது. விவசாய ட்ரோனிலும் கல்லூரி மாணவர் புராஜெக்டிலும் அதே சமாச்சாரம்தான் ஓடுகிறது. சிக்னல் விட்டுவிட்டு வந்தாலும் ட்ரோன் தன் உயரத்தையும் இடத்தையும் தானே பிடித்துக்கொண்டு நிற்கும். ஓட்டுகிறவர் அடுத்த படம் வந்ததும் கொஞ்சம் நகர்த்துவார். ஓடுகிற இலக்கை இப்படி அடிக்க முடியாது. நிற்கிற விமானத்துக்கு இது தாராளம்.

அப்புறம் எங்கே இறங்கியது என்பது. விமானத்தின் நடுவயிற்றிலோ விமானி அறையிலோ இல்லை. இறக்கையில், எரிபொருள் தொட்டி இருக்கும் இடத்தில், ஏவுகணை தொங்கும் கொக்கிகள் பக்கமாக. ட்ரோனில் இருந்த வெடிமருந்தின் எடை ஒரு பெரிய விமானத்தை நொறுக்கப் போதாது. ஆனால் டியு-95-இன் இறக்கைத் தோல் அலுமினியம், அதற்கு அடியில் டன் கணக்கில் மண்ணெண்ணெய் ரக எரிபொருள். ஓட்டை போட்டுத் தீ வைத்தால் மீதி வேலையை விமானமே பார்த்துக்கொள்ளும். ஒலெனியா வீடியோவில் வரிசையாக விமானங்கள் எரிகிற காட்சி இப்படி வந்ததுதான்.

எந்த இடம் என்று எப்படித் தெரியும்? உக்ரைனின் பொல்டாவா நகரத்தில் நீண்டதூர விமானப்படைக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. டியு-95, டியு-22எம்3, ஏன், ஒரு டியு-160 கூட அங்கே நிற்கிறது. அவற்றைப் படமெடுத்து, விமானத்தின் பலவீனமான இடங்களைக் கணினிக்குப் பழக்கினார்கள் என்று செய்திகள் வந்தன. தொட்டுப் பார்க்கச் சொந்த ஊரிலேயே மாதிரி விமானம் இருக்கும்போது பயன்படுத்தாமல் இருப்பார்களா?

உண்மையில் இந்த விமானங்களுக்கும் உக்ரைனுக்கும் உள்ள உறவு பழையது. சோவியத் யூனியன் உடைந்தபோது டியு-160களில் பெரும்பகுதி உக்ரைனின் பிரிலூகி தளத்தில் நின்றது. எரிபொருளுக்கும் உதிரிபாகத்துக்கும் பணமில்லை. சிலவற்றை அமெரிக்கப் பணத்தில் வெட்டிப் போட்டார்கள். 1999-2000 வாக்கில் 8 டியு-160, 3 டியு-95எம்எஸ், சுமார் 575 கெஹெச்-55 ஏவுகணைகள் ஆகியவற்றை ரஷ்யாவிடமே ஒப்படைத்தார்கள். பதிலுக்கு எரிவாயுக் கடனில் 28.5 கோடி டாலர் கழிந்தது. அப்படிக் கொடுத்த ஏவுகணைகளில் சில 2022-க்குப் பிறகு தங்கள் நாட்டின்மீதே வந்து விழுந்தன என்கிறது உக்ரைன் உளவுத்துறை. கடனுக்கு வீட்டு அரிவாளைக் கொடுத்த கதை.

இன்னொரு பழைய விஷயம், இதுவும் பொல்டாவாதான். 1944 ஜூன் 21 அன்று, ஜெர்மனியில் குண்டு போட்டுவிட்டு அமெரிக்க பி-17 விமானங்கள் பொல்டாவாவில் வந்து இறங்கின. சோவியத்தோடு சேர்ந்த ஏற்பாடு. பின்னாலேயே ஒரு ஜெர்மன் உளவு விமானம் வந்து பார்த்துவிட்டுப் போனது. அன்று இரவே ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்கள் வந்து, தரையில் வரிசையாக நின்ற 40-க்கும் மேற்பட்ட பி-17களை அழித்தன. வானில் தொட முடியாத விமானம் தரையில் நிற்கும்போது எவ்வளவு லேசாகப் போகும் என்பதற்கு அன்றைக்கே பாடம் கிடைத்துவிட்டது. 1944-இல் இதற்கு ஒரு பெரிய குண்டுவீச்சு விமானப் படையே தேவைப்பட்டது. 2025-இல் சில லாரிகள் போதுமானதாக இருந்தன.

ரஷ்யர்களுக்கு இந்த ஆபத்து தெரியாமல் இல்லை. 2023-லிருந்தே விமானங்களின் இறக்கைமேல் லாரி டயர்களை அடுக்கி வைத்தார்கள். படத்தை ஒப்பிட்டு இலக்கைக் கண்டுபிடிக்கும் ஏவுகணையைக் குழப்பத்தான் இந்த ஏற்பாடு என்று பலர் கருதினார்கள். எங்கெல்ஸ் தளத்தில் தரையில் விமானத்தின் உருவத்தைப் பெயின்ட்டில் வரைந்தும் வைத்தார்கள். செயற்கைக்கோளையும் கணினியையும் ஏமாற்ற இது உதவலாம். கேமரா வழியாக ஒரு மனிதன் பார்த்துக்கொண்டு வரும்போது டயர் என்ன செய்யும்? ஜூன் 1 வீடியோவிலேயே டயர்கள் தெளிவாகத் தெரிகின்றன. அவற்றுக்கு நடுவே இடம் பார்த்து ட்ரோன் இறங்குகிறது.

சரி, இரண்டாவது கேள்வி. 41 விமானமா?

உக்ரைன் சொன்னது 41 விமானங்கள் 'தாக்கப்பட்டன' என்று. மதிப்பு 700 கோடி டாலர், ரஷ்யாவின் ஏவுகணை சுமக்கும் நீண்டதூர விமானங்களில் 34 சதவீதம் என்றது. ரஷ்யாவோ இர்கூட்ஸ்கிலும் மூர்மன்ஸ்கிலும் சில விமானங்கள் தீப்பிடித்தன, மற்ற இடங்களில் முறியடித்துவிட்டோம் என்றது. எந்த விமானமும் அழியவில்லை, சேதம்தான், சரிசெய்துவிடுவோம் என்றார் வெளியுறவுத் துணை அமைச்சர் ரியாப்கோவ். அமெரிக்க அதிகாரிகளின் மதிப்பீடு நடுவில் நின்றது: ஏறத்தாழ 20 விமானங்கள் தாக்கப்பட்டன, அவற்றில் 10 வாக்கில் அழிந்தன. வணிகச் செயற்கைக்கோள் படங்களில் கரியாகிக் கிடந்ததை எண்ணியவர்களுக்கும் பத்துப் பன்னிரண்டுதான் வந்தது. நான் இந்த எண்ணிக்கையைத்தான் நம்புகிறேன். இவானோவோவில் ஏ-50 ரேடார் விமானங்கள்மீதும் ட்ரோன் இறங்கியது. ஆனால் அவை பல காலமாகப் பறக்காமல் நின்றவை என்று விவரம் தெரிந்தவர்கள் கருதினார்கள்.

அப்போ உக்ரைன் பொய் சொன்னதா? 'தாக்கப்பட்டது' என்ற சொல் ரொம்பத் தாராளமான சொல். இறக்கையில் ஓட்டை விழுந்ததும் தாக்கப்பட்டதுதான், சாம்பலானதும் தாக்கப்பட்டதுதான். போரில் இரண்டு பக்கமும் கணக்கைத் தங்களுக்கு வசதியாகத்தான் சொல்லும். இந்த மாதிரிச் செய்தி எது வந்தாலும் முதல் நாள் எண்ணை மனதில் குறித்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்து செயற்கைக்கோள் படம் என்ன சொல்கிறது என்று பார்ப்பதுதான் என் வழக்கம்.

அதே சமயம் பத்து விமானம் என்றால் குறைவு என்று நினைக்கக் கூடாது. டியு-95எம்எஸ், டியு-22எம்3 இரண்டின் உற்பத்தியும் 1990-களின் முதல் பாதியோடு நின்றுவிட்டது. தொழிற்சாலை வரிசையே இல்லை. போனது போனதுதான். பக்கத்தில் இருக்கும் விமானத்தைக் கழற்றி இன்னொன்றை ஓட்டலாம், புதிதாக ஒன்று வராது. மறுபக்கம், அடித்த ட்ரோன் ஒன்றின் விலை ஆயிரம், இரண்டாயிரம் டாலருக்குள் அடங்கும். விலை ஒப்பீட்டைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, திரும்பச் செய்ய முடியாத பொருளைத் தேர்ந்தெடுத்தது.

மூன்றாவது கேள்வி, போர் மாறியதா? இங்கே கொஞ்சம் கசப்பாகத்தான் பதில் சொல்ல வேண்டும். மறுநாளே, ஜூன் 2 அன்று, இஸ்தான்புல்லில் இரு தரப்பும் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தன. போர்நிறுத்தம் வரவில்லை, கைதிகள், இறந்த வீரர்களின் உடல்கள் இவற்றின் பரிமாற்றத்துக்குத்தான் ஒப்புக்கொண்டார்கள். ஜூலை 8-9 இரவில் மட்டும் ரஷ்யா 728 ட்ரோன்களை அனுப்பியதாக உக்ரைன் கணக்கிட்டது. அவற்றுக்குக் குண்டுவீச்சு விமானமே தேவையில்லை, தரையிலிருந்தே ஏவலாம். ஏவுகணை சுமக்கும் விமானங்களில் எஞ்சியவற்றை இன்னும் தூரமான தளங்களுக்கு நகர்த்திக்கொண்டார்கள். ஒவ்வொரு முறையும் ஏவுமிடத்துக்கு வர இன்னும் பல மணி நேரம் பறக்க வேண்டும். 30, 40 வயதான விமானத்துக்கு அந்தப் பறப்பு நேரம் ஆயுளைத் தின்னும். இது மெதுவாகக் கொல்லும் விஷம் மாதிரி, மறுநாள் செய்தியில் தெரியாது.

நாள்தோறும் வலி தருவது, என் கணிப்பில், இன்னொரு வகை ஆழத் தாக்குதல்: எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, வெடிமருந்துக் கிடங்கு, எரிபொருள் கிடங்கு இவற்றின்மீது வாராவாரம் பறந்து போகும் ட்ரோன்கள். 2024 செப்டம்பர் 18 அன்று த்வேர் வட்டாரத்தில் தொரொபெத்ஸ் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தபோது நிலநடுக்கக் கருவிகளிலேயே பதிவானது. அந்தக் கிடங்கு ஏவுகணையையும், ஏன், சிறு அணுகுண்டு வெடிப்பையும்கூடத் தாங்கும் என்று 2018-இல் பெருமையாகச் சொன்னவர் அன்றைய பாதுகாப்புத் துணை அமைச்சர் திமித்ரி புல்ககோவ். கிடங்கு வெடிப்பதற்கு இரண்டு மாதம் முன்பே ஊழல் வழக்கில் கைதாகியிருந்தார். 2025 ஜனவரியில் எங்கெல்ஸ் தளத்துக்கு எரிபொருள் தரும் கிடங்கை அடித்தார்கள். தீ அணைய ஐந்து நாள் ஆனது. எரிபொருள் இல்லாவிட்டால் விமானம் எங்கே நின்றால் என்ன?

சிலந்திவலை மாதிரி வேலை ஒரு முறைதான் செய்ய முடியும். அதே கிடங்கு, அதே மரவீடு, அதே ஓட்டுநர் இரண்டாம் முறை நடக்காது. ஆனால் யோசனை வேறு இடத்தில் நடக்கும். பன்னிரண்டே நாள் கழித்து, ஜூன் 13 அன்று, இஸ்ரேல் ஈரானைத் தாக்கியபோது, முன்கூட்டியே ஈரானுக்குள் கடத்திக் கொண்டுபோய் வைத்திருந்த ட்ரோன்களை வைத்து ஏவுகணை ஏவிகளையும் வான் பாதுகாப்பையும் அடித்ததாக இஸ்ரேல் உளவுத்துறையான மொசாட் தரப்பே வெளியில் சொன்னது. உக்ரைனைப் பார்த்துச் செய்ததல்ல, அதுவும் நீண்டநாள் ஏற்பாடுதான். இரண்டு உளவுத்துறைகள் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. நம் பக்கத்திலும் 2021 ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படைத் தளத்தில் இரண்டு சிறு ட்ரோன்கள் வெடிபொருளைப் போட்டுவிட்டுப் போனது நினைவிருக்கலாம். சேதம் சொற்பம். ஒரு கூரையில் ஓட்டை, இரண்டு பேருக்கு லேசான காயம்.

சரி, இதைத் தடுக்க முடியுமா? விமானத்துக்கு மேலே கான்கிரீட் கூடாரம் கட்டுவதுதான் பழைய, சலிப்பான, வேலை செய்கிற பதில். டியு-95-க்கு இறக்கை 50 மீட்டர் அகலம். அவ்வளவு பெரிய கூடாரம் டஜன் கணக்கில் கட்டுவது செலவு பிடித்த காரியம். கம்பி வலை போடலாம், தளத்தைச் சுற்றி ஜாமர் வைக்கலாம், ஆபத்து நேரத்தில் அந்தப் பகுதி மொபைல் டவரையே அணைக்கலாம். மீதி இருப்பது லாரி. தாக்குதலுக்குப் பிறகு இர்கூட்ஸ்க் பக்கம் நெடுஞ்சாலையில் லாரிகளை நிறுத்திச் சோதனை போடத் தொடங்கினார்கள், வரிசை நீண்டுகொண்டே போனது. தக்காளி, மரம், ஃபிரிட்ஜ் என்று ஏற்றிப் போன ஒவ்வொரு ஓட்டுநரும் இறங்கி, கதவைத் திறந்து, உள்ளே கூரை அசைகிறதா என்று போலீஸ்காரர் பார்க்கும் வரை காத்து நின்றார்கள்.